வலப்பக்கம் போன போட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது இதுதான் பேச்சு. டிவியில் கம்ப்யூட்டரை மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டு, விளையாட்டு வரும்வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த காலம். போன மாதம் கல்லூரித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி அந்தக் காலத்துப் பெட்டி ஒன்றின் படத்தைப் போட்டாள். கறுப்பு உடம்பு, சாம்பல் நிற ரப்பர் பொத்தான்கள். உடனே ஆளாளுக்கு இதயம் போட்டார்கள், கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சிகளைப் போட்டார்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்களுக்கெல்லாம் அது விளையாட்டு. நான் அந்தப் பெட்டிக்குப் பயந்ததைப் போல என் பிரசவத்துக்குக்கூடப் பயந்ததில்லை. ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் இருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். அம்மாவின் தம்பி வெளிநாட்டுக் கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை பார்த்தார். அவர் எங்களுக்குக் கப்பல் மாமா. லீவில் வந்து இறங்கினால் வீடு முழுக்க வெளிநாட்டு சோப்பு வாசனை அடிக்கும். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதிமூன்று. அந்த வருஷம் மாமா கொண்டுவந்தது சோப்பும் சாக்லேட்டும் மட்டுமல்ல, அந்தப் பெட்டியும்.

டைப்ரைட்டரிலிருந்து உருளையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்ததைப் போல இருந்தது. டிவிக்கு ஒரு வயர், டேப் ரிக்கார்டருக்கு ஒரு வயர். கேசட்டைப் போட்டால் பாட்டு வராது, கத்தல் வரும். தகரத்தின் மேல் ஆணியால் விடாமல் இழுத்ததைப் போல ஒரு சத்தம். அது கத்தி முடிக்கும்வரை காத்திருந்தால் விளையாட்டு வரும். டேப் ரிக்கார்டரின் சத்தம் கொஞ்சம் கூடினாலும் வராது, குறைந்தாலும் வராது. சரியான இடம் கிடைத்ததும் மாமா அம்மாவின் நெயில்பாலிஷால் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். உள்ளே யாரையோ வதைக்கிறார்கள், அவர்கள் கத்தி ஓய்ந்த பிறகுதான் படம் வருகிறது என்று நான் நினைத்தேன். காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவேன். அண்ணன் சிரிப்பான்.

மாமா அண்ணனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். அவர் போன அன்றைக்கே நைனாவின் பயம் ஆரம்பித்தது. மாமா கொண்டுவருவது எதுவும் நேர் வழியில் வந்ததாக இருக்காது என்பது அவருடைய முடிவு. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், இல்லை. மச்சானிடம் போய் அதைக் கேட்பது கௌரவக் குறைச்சல்.

"இது மட்டும் கஸ்டம்ஸ்காரன் கண்ணுல பட்டுச்சு, என் வேல காலி. என்னை உள்ள தள்ளிடுவான். நீங்க மூணு பேரும் ரோட்ல தான் நிக்கணும், சொல்ட்டேன்" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. சாமி படத்துக்கு முன்னால் தரையில் சூடத்தை ஏற்றி, என்னையும் அண்ணனையும் உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். பெட்டியைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. கை பொத்துப்போகவில்லை, ஆனால் அந்தச் சூடு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பெட்டி பரண்மேல் அண்டாவுக்குள், பழைய கம்பளிக்கு அடியில் குடியிருந்தது. காக்கிச் சட்டை போட்ட யார் சந்துக்குள் நுழைந்தாலும் நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். மீட்டர் பார்ப்பவர், தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர், ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. எல்லாரும் கஸ்டம்ஸ்தான்.

நைனா வேலைக்குப் போனதும் அண்ணன் பெட்டியை இறக்கிவிடுவான். கேசட்டில் சில விளையாட்டுகள் இருந்தன. அண்ணனுக்குப் பிடித்தது கப்பல் விளையாட்டு. எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. திரையின் நடுவில் ஒரு கோடு. அதுதான் கடல் மட்டம். கோட்டுக்குக் கீழே அண்ணனுடைய நீர்மூழ்கி. மேலே இடப்பக்கத்திலிருந்து சின்னச் சின்னப் படகுகள் வந்து வலப்பக்கமாகப் போகும். அண்ணன் பொத்தானை அழுத்தினால் கீழேயிருந்து ஒரு புள்ளி கிளம்பிப் படகைத் தொடும். படகு ரெண்டு தடவை மினுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோட்டுக்குக் கீழே இறங்கி மறையும். மூலையில் எண் ஏறும். கடைசியில் ஒரு பெரிய படகு வரும். அதை மட்டும் எத்தனை தடவை சுட்டாலும் ஒன்றும் ஆகாது. ஊர்ந்து ஊர்ந்து வலப்பக்க ஓரத்தில் மறைந்துபோகும். கொஞ்ச நேரம் கடல் காலியாகக் கிடக்கும். பிறகு அதே படகு இடப்பக்கத்திலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு திரும்ப வரும். எப்போதும் வரும்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. சொந்த அக்கா இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் புருஷன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பெண்டாட்டி தனியாக இருக்கிறாளே என்று எங்கேயோ பழைய டிவி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். ஆன்டெனா எங்கள் மொட்டைமாடியில் ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்து அவர்கள் வீட்டுக்கும் ஒரு வயரைப் பிரித்துக்கொடுத்திருந்தோம்.

இங்கேதான் அண்ணன் தன் கைவேலையைக் காட்டினான். பெட்டியை மாட்டவேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் டிவிக்குப் பின்னால் ஆன்டெனா வயரைக் கழற்றவேண்டும், முடிந்ததும் திரும்ப மாட்டவேண்டும். அவனுக்கு அதற்குப் பொறுமையில்லை. எல்லா வயரையும் பல்லால் சீவி, செம்புக் கம்பிகளை ஒன்றாக முறுக்கி, மேலே டேப் சுற்றி மறைத்துவிட்டான். பெட்டியிலிருந்து கிளம்பும் படம் எங்கள் டிவிக்கு வந்ததோடு நிற்காமல், அதே வயர் வழியாகச் சுவரைத் தாண்டி அக்கா வீட்டு டிவிக்கும் போகும் என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மழைக்காலம் வந்தது. ஹார்பரில் புயல் கூண்டு ஏற்றினார்கள். முதலில் சின்ன எண், அப்புறம் பெரிய எண். கிரேன்களைக் கட்டிப் போடும் வேலை என்று நைனா ஹார்பரிலேயே தங்கிவிட்டார். பள்ளிக்கூடம் இல்லை. கடலுக்குப் போன படகுகள் அவசர அவசரமாகத் திரும்பின. எங்கள் பக்கத்தில் ரெண்டு படகுகள் மட்டும் வரவில்லை. ஒன்று அக்கா புருஷனுடையது.

அன்றைக்குச் சாயங்காலம் சந்துப் பெண்களெல்லாம் அக்கா வீட்டில் கூடியிருந்தார்கள். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணன் படிப்பதாகச் சொல்லி வீட்டில் இருந்துகொண்டான். வெளியே காற்று ஓட்டுக்கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உள்ளே ஈரப்புடவை வாசனையும் மீன் வாசனையும். அக்கா தலை வாரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு டிவிக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். டிவியில் நிகழ்ச்சி தொடங்க இன்னும் நேரம் இருந்தது. புயல் செய்தி ஏதாவது முன்னாடியே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று போட்டு வைத்திருந்தார்கள். திரை முழுக்க வெள்ளைப் பொறி.

திடீரென்று பொறி அடங்கியது. திரையின் நடுவில் ஒரு கோடு வந்து நின்றது.

"இன்னாடி இது? இன்னும் டேசனே போடலியே" என்றாள் ஒருத்தி.

"கடலு மாரி கீதுடி."

இடப்பக்கத்திலிருந்து ஒரு படகு வந்தது. நாலைந்து கட்டங்கள் சேர்ந்த உருவம்தான் அது. ஆனால் பிறந்ததிலிருந்து படகையே பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டமெல்லாம் தெரியவில்லை, படகுதான் தெரிந்தது. படகு ரெண்டு தடவை மினுக்கியது. சாய்ந்தது. கீழே போனது. அடுத்த படகு வந்தது. அதுவும் போனது.

"ஐயய்யோ! போட்டுடி! போட்டு முழுவுது!" என்று கத்தினாள் சந்து முனை மீன்காரம்மா. வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். படிப்புத் தெரிந்த ஒரு பெண் மூலையைக் காட்டினாள். "தோ, நம்பரு ஏறுது பாரு. பத்து... இருவது... இன்னா அது, ஆளுங்க கணக்கா?" அவ்வளவுதான். வீடே ஒரு குரலாக அலறியது.

அங்கே இருந்தவர்களில் அது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததால் பயம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறான், இங்கே படகு மூழ்குகிறது, எல்லாரும் செத்தவர்களை எண்ணுகிறார்கள். இது எங்கள் விளையாட்டா, இல்லை அண்ணன் நிஜப் படகுகளையே மூழ்கடித்துக்கொண்டிருக்கிறானா? ஒன்பது வயதுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஓடிப்போய் சுவரை ரெண்டு கையாலும் குத்தினேன். "அண்ணா! வோணாம்ணா! நிறுத்துணா! முழுவுதுணா!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்?

அம்மா என்னைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அவள் ஒருநாளும் நின்று அந்த விளையாட்டைப் பார்த்தவளில்லை, ஆனால் அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். ஐந்து விரலும் என் கையில் பதிந்தன. ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அடியே, கொயந்தைக்கு ஆத்தா வந்துட்டாடி! மஞ்சத்தண்ணி எட்தாங்க, சீக்கிரம்!"

அதே மூச்சில் என் காதுக்குள்: "பொட்டி கிட்டினு வாயத் தொறந்த, உங்க நைனா ஜெயிலுக்குப் பூடுவாரு."

என் பின்னலை அவிழ்த்தார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. நெற்றி நிறைய விபூதி. யாரோ வேப்பிலைக் கொத்தை என் கையில் திணித்தார்கள். குளிரிலும் பயத்திலும் பல் கிட்டித்து உடம்பு உதறியது. உதற உதற அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. கொஞ்சம் முன்னால் ஒப்பாரி வைக்க ஆரம்பித்த மீன்காரம்மா இப்போது என் காலடியில் கிடந்தாள். ஒரு பெரிய மனுஷி என் காலைப் பிடித்துக்கொண்டு "தாயே, தாயே" என்று அழுகிறாள். எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. நல்லவேளை, அந்த மஞ்சள் தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் என் காலில் விழவில்லை. முகத்துக்கு நேரே பார்த்தாள். திரையில் பெரிய படகு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அவள் "என் வூட்டுக்காரரு வருவாரா" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் அதைக் கேட்கவில்லை.

"சொல்லு. அந்தப் பெரிய போட்டு இன்னா ஆவும்?" என்றாள்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். விரல்கள் இன்னும் அழுந்தின. பெட்டி என்ற வார்த்தையைச் சொல்லாமல் எனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னேன்.

"அது முழுவாதுக்கா. அத்த ஒண்ணியும் பண்ண முடியாது. அந்தப் பக்கமாப் பூடும். அப்பால இந்தப் பக்கமா வரும்."

"நெசமா?"

"நெசமாக்கா. எப்பவும் வரும்."

அக்கா எழுந்து பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்க இல்ல? ஆத்தா சொல்லிட்டா. இதுக்கப்பறம் எவளாச்சும் என் வூட்ல குந்திகினு ஒப்பாரி வெச்சீங்கன்னா மருவாதி இருக்காது" என்றாள். எல்லாரும் திரையையே பார்த்தோம். பெரிய படகு ஊர்ந்து போனது. மூக்கு மறைந்தது, உடம்பு மறைந்தது, கடைசியில் கொடிக்கம்பம் மறைந்தது. கடல் காலி. இனி அது இடப்பக்கம் வரவேண்டும்.

கரண்ட் போய்விட்டது. திரை சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் அணைந்தது.

இரவெல்லாம் எனக்குக் காய்ச்சல் கொதித்தது. புயல் கடந்துபோன பிறகும் கரண்ட் வரவில்லை. எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துக்கொண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். அந்த இன்னொரு படகு வருமா, பிள்ளைக்கு வேலை கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் நான் வாக்குச் சொல்லவேண்டுமாம். அம்மா கதவை அரைவாசி திறந்து "கொயந்தைக்கு ஜொரம்" என்று சொல்லி அனுப்பினாள். தான் கிளப்பிவிட்டதைத் தானே அடக்க முடியாமல் அவள் பட்ட பாடு எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. கையில் ஐந்து விரல் தடமும் கன்றிப்போயிருந்தது.

நடந்ததைச் சொன்னபோது அண்ணன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்கு சாமியா!" என்று கேலி செய்தான். மறுநாள் எண்ணூர்ப் பக்கம் படகுப் பலகைகள் ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. எந்தப் படகு என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"எத்தினி போட்டு அட்ச்சணா அன்னிக்கு?" என்று கேட்டேன்.

"தெர்ல." அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "அது சும்மா ஆட்டம்டி. பொம்ம."

"பெரிய போட்டு போச்சு, திரும்பி வரல. கரண்டு பூட்ச்சு."

"கரண்டு போனா அதுக்கு எல்லாம் மறந்துடும். மறுபடி கேசட்டு போட்டு மொதல்லேந்து ஆரம்பிக்கணும்."

"மறந்துட்டா அவரு எப்பிடிணா வருவாரு?"

ரெண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தோம், அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் படகைத் திரும்ப வரவைக்கவேண்டும். அதற்குக் கரண்ட் வரவேண்டும்.

கரண்ட் வந்த அன்று மத்தியானம் அம்மா கெரசின் க்யூவுக்குப் போயிருந்தாள். அண்ணன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். கேசட் ஈரத்தில் பிசுபிசுத்தது. போட்டான். கத்தியது, பாதியில் நின்றுவிட்டது. திரையில் வெறும் கோடுகள். கேசட்டை எடுத்துச் சட்டையில் துடைத்து, ஜன்னல் வெயிலில் காட்டி, மறுபடி போட்டான். மறுபடியும் நின்றது. நான் டேப் ரிக்கார்டரின் சிவப்புப் புள்ளியை விரலால் பிடித்துக்கொண்டேன், அசங்காமல். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கத்தலுக்குக் காதைப் பொத்தாமல் உட்கார்ந்திருந்தேன். கத்து, கத்தி முடி என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வெகுநேரம் கழித்துக் கோடு வந்தது. கடல் வந்தது.

"சுடாதணா."

"சுட மாட்டேன்."

படகுகள் வந்தன. அண்ணன் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அந்த விளையாட்டில் நீர்மூழ்கிக்குக் காற்று என்று ஒரு பட்டை உண்டு. சுட்டால்தான் காற்று கூடும், சும்மா இருந்தால் குறைந்துகொண்டே போகும். தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு படகையும் தொடாமல் யாரும் இந்த ஆட்டத்தை ஆடியிருக்கமாட்டார்கள். பெரிய படகு உள்ளே வந்தபோது பட்டை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. வலப்பக்கம் போய் மறைந்தபோது விரல் நகம் அளவுதான் மிச்சம். கடல் காலியாகக் கிடந்தது. பட்டை மினுக்க ஆரம்பித்தது. நான் அண்ணனின் சட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டுவிட்டேன்.

இடப்பக்க ஓரத்தில் ஒரு கட்டம் தெரிந்தது. அப்புறம் மூக்கு. அப்புறம் முழுப் படகும்.

காற்று தீர்ந்து நீர்மூழ்கி அடியில் விழுந்தது. பெட்டி அதன் சோகப் பாட்டைப் பாடியது. அண்ணன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் சந்தில் சத்தம் கேட்டது. அக்கா புருஷன் வந்துகொண்டிருந்தார். கடற்கரைப் பக்கத்திலிருந்து இல்லை, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருந்து. யாருடையதோ சட்டை, யாருடையதோ லுங்கி. இஞ்சின் நின்றுபோய், படகைக் காற்று வடக்கே இழுத்துக்கொண்டு போய், ஆந்திரா கரையில் ஒதுங்கி, அங்கிருந்து லாரியிலும் கும்மிடிப்பூண்டி ரயிலிலும் ஏறி வந்திருக்கிறார். கூடப் போனவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இந்தப் பக்கமாகப் போனவர் அந்தப் பக்கமாக வந்துவிட்டார். மீன்காரம்மா நடு ரோட்டில் எங்கள் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இன்னொன்றையும் எல்லாரும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அவர் வாசலில் கால் வைத்தபோது அக்கா வீட்டில் சோறு தயாராக இருந்தது. புயல் நாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை, மற்றவர்கள் கொடுத்ததையும் அவள் தொட்டதில்லை. அன்றைக்கு மட்டும், ஆள் வருவதாக ஒரு தகவலும் இல்லாமல், ரெண்டு பேருக்கு வடித்து வைத்திருந்தாள். ஆத்தா கனவில் வந்து சொல்லியிருப்பாள் என்றார்கள். எனக்கு அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

இன்னொரு படகு வரவேயில்லை. எண்ணூரில் ஒதுங்கியது அதன் பலகைகள்தான். அதில் போனவர்களின் வீடுகள் சந்துக்குப் பின்னால்தான் இருந்தன. நானும் அண்ணனும் பல வருஷம் அந்த வழியாக நடக்காமல் சுற்றிப் போனோம். அண்ணன் இப்போது மீஞ்சூர்ப் பக்கம் வேலையில் இருக்கிறான், தலையில் முடி இல்லை. இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் எழுந்துபோய்விடுவான்.

அடுத்த லீவில் கப்பல் மாமா வந்தபோது நைனா பெட்டியைக் கம்பளியோடு அவர் முன்னால் வைத்தார். "எட்துகினு பூடு மச்சான். கஸ்டம்ஸ்காரன் வந்தா யாரு பதில் சொல்றது?" மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா மாமா நீ, டூட்டி கட்டித்தானே எட்தாந்தேன்! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" நைனாவின் முகத்தை நான் பார்த்தேன். சூடம் அணைத்த என் கையையும் பார்த்துக்கொண்டேன். அம்மா எழுந்து காபி போடப் போனாள். கொடுத்ததைத் திரும்ப வாங்க நைனாவுக்கு மனசு வரவில்லை. பெட்டி மாமாவோடு போய்விட்டது, கேசட்டும் போய்விட்டது. நெயில்பாலிஷ் புள்ளி வைத்த டேப் ரிக்கார்டர் மட்டும் ரொம்ப நாள் வீட்டில் இருந்தது.

வாட்ஸப்பில் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே அக்காவைப் பார்க்கப் போனேன். இப்போது காசிமேட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். அவள் புருஷன் காது கேட்காமல் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் ஒருவன் போனில் எதையோ சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். போனில் இருந்த படத்தை அவளிடம் காட்டினேன். அன்றைக்கு எனக்கு வந்தது சாமி இல்லை, இதுதான் என்று சொல்லிவிடவேண்டும் என்று போனேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"அடப் போடி. ஆத்தா எங்க வந்தா? அது உங்க வூட்டு வயருடி."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? மத்தியானத்துல டேசனு இல்லாதப்போ டிவியப் போட்டா உங்க ஆட்டந்தானே வரும்? உங்கண்ணன் ஆட ஆரம்பிச்ச நாள்லேந்து பாத்துகினு இருந்தேன். பேய் தொரத்துற ஆட்டம், பந்து ஆட்டம், எல்லாம் பாத்துட்டேன். உங்க நைனா யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சிருந்தாரு. நான் வாயத் தொறந்தா பொட்டிய எட்துடுவாரு. அப்பால நான் இன்னாத்தப் பாக்குறது?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. ஒரு குடம் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு நடுங்கியது நான்தானே. "அப்பறம் ஏங்கா அன்னிக்கு என்னக் கேட்ட?" என்றேன்.

அவள் கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அவளுங்க ஒப்பாரி ஆரம்பிச்சுட்டாளுங்கடி. ஒரு தபா ஆரம்பிச்சுட்டா அப்பால ஆளு செத்த மாரிதான். நான் வோணாம்னா கேப்பாளுங்களா? பைத்தியம்னுவாளுங்க. யாராச்சும் நாலு பேரு முன்னாடி வாயால சொல்லணும், வரும்னு. உனக்கு அந்த ஆட்டம் தெரியும். நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

பேரனின் போனில் ஏதோ வெடித்தது. அவன் தலையில் லேசாகத் தட்டிவிட்டு அக்கா மேலே சொன்னாள்.

"இவரு கடலுக்குப் போன நாள்ல எல்லாம், அந்தப் பெரிய போட்டு போயி திரும்பி வர்ற வரைக்கும் பாத்துட்டுத்தான் சோறே துன்னுவேன். அன்னிக்குப் பாத்து கரண்டு பூட்ச்சு. அது அந்தப் பக்கம் போனது போனதுதான். எனக்கு உசுரே இல்ல. கரண்டு வந்த அன்னிக்கு டிவியப் போட்டுகினு குந்தினேன். வெறும் பொறிதான். மத்தியானம் நீங்க போட்டீங்க. உங்கண்ணன் சுடுவானோ சுடுவானோன்னு பாக்கறேன், சுடவே இல்ல. ஒண்ணத்தக்கூட சுடல. அது அந்தப் பக்கம் பூட்ச்சு. கடலு சும்மா கீது. நான் செவுத்துல கைய வெச்சிகினு குந்திகினு கீறேன். அப்ப இந்த ஓரத்துல ஒரு மூக்கு தெரிஞ்சுது பாரு..."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பத்தான் எயுந்துபோயி ஒல வெச்சேன்."